வாடையிலும் கச்சானிலும் கோழிக்கூடு



2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் மாமல்லபுரம் பக்கமாகக் கரை கடந்தது. ஆனால் அந்நாட்களின் மழைக்குளிரில் நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் மடிந்தன. மாடே தாங்காத குளிரைக் கோழி தாங்குமா? நனையாத வரை தாங்கும். இறகுதான் அதன் போர்வை. நனைந்தால் போர்வை போயிற்று.

கொக்கிளாய் போலக் கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் மாரிக்காற்று சாரலோடு கூட்டுக்குள் அடிக்கும். அந்தப் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். நாமோ இரக்கப்பட்டு முழுக்கூட்டையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிடுகிறோம்! கோழி விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கும். எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். பிறகு சளி என்று மருந்து தேடுகிறோம். கோழியின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரிகிறது. கூரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி, கம்பிவலை அடித்து, எப்போதும் திறந்திருக்கட்டும். நனைந்த உமியை அன்றே மாற்றுங்கள்.

கச்சான் காலத்தில் கதை வேறு. கோழிக்கு வியர்க்காது. உடற்சூடே ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். வாய் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சாக்கை அவிழ்த்துவிடுங்கள். தகரக் கூரையென்றால் மேலே கிடுகு பரப்புங்கள். தண்ணீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கும். ஆகவே உச்சிவெயிலில் போடாமல் விடியலிலும் அந்தியிலும் போடுங்கள். சிறகை விரித்து இரைக்கும் கோழியை உடனே நிழலுக்குத் தூக்கி, அதன் கால்களைத் தண்ணீரில் நனையுங்கள்.