விடுவதும் தடுப்பதும் ஒரே சொல்லா?

வீட்டு வாயிலில் 'டு லெட்' என்ற பலகை தொங்கினால், வாடகைக்கு விடப்படும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'லெட்' என்றால் விடு, அனுமதி. ஆயினும், அயல்நாடு செல்லும் உங்கள் மகனின் பாஸ்போர்ட்டைச் சற்றே புரட்டிப் பாருங்கள். 'லெட்' ஏதுமின்றி இவரைச் செல்ல விடுமாறு நம் குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் வேண்டப்பட்டிருக்கும். அனுமதியின்றிச் செல்வதா? அன்று, இங்கே அச்சொல்லுக்குத் தடை என்பதே பொருள்.

பழைய ஆங்கிலத்தில் இவை இரு வேறு வினைச்சொற்கள். ஒன்று விடுதலையும், மற்றொன்று தாமதப்படுத்தித் தடுத்தலையும் குறித்தன. 'லேட்' என்னும் சொல் பின்னதற்கு உறவு. நாளடைவில் இரண்டும் ஒலியாலும் எழுத்தாலும் ஒன்றாயின.

விவிலியம் வாசிப்போர் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், தாம் பன்முறை அவர்களிடம் வர எண்ணியும் இதுவரை தடைபட்டதாகப் புனித சின்னப்பர் கூறுகிறார். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே 'லெட்' என்றே எழுதிற்று. இன்றைய மாணவன் அதைப் படித்தால், அப்போஸ்தலர் அனுமதி பெற்றும் போகாதிருந்தார் என்றல்லவா கொள்வான்! 1881-இல் அதைத் திருத்தியோர், தடையை வெளிப்படையாகக் கூறும் சொல்லை அங்கு அமைத்தனர். பாஸ்போர்ட்டிலோ பழஞ்சொல் அப்படியே நிற்கிறது. பக்கத்திலேயே 'ஹிண்டரன்ஸ்' என்ற சொல்லும் துணைக்கு நிற்பதால் பொருள் பிழைத்தது.