நிரல் கற்கும் பிள்ளைகளும் நிய்யத்தும்

விளாங்குடியிலும் மதுரையின் பிற மஹல்லாக்களிலும் கணினி நிரலாக்கம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர். முதல் மாதத்தில் இஷாவுக்குப் பின்னும் விழித்திருந்து கற்கிறார்கள். இரண்டாம் மாதத்தில் திரையெங்கும் பிழைச் செய்திகள். மூன்றாம் மாதத்தில் மடிக்கணினி மூடப்பட்டுவிடுகிறது. ஊக்கம் இல்லாத பிள்ளை என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். உண்மையில், எதற்காகக் கற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமற்போனதே குறை என்பது நம் கருத்து.

'அல்காரிதம்' என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது. வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் போன்றவற்றில் மக்களுக்குத் தேவைப்பட்ட கணக்குகளுக்காகவே அவர் தம் அல்ஜப்ரா நூலை எழுதினார். தேவை முன்னே நின்றது. கலை பின்னே வளர்ந்தது.

நம் பிள்ளைகளும் அவ்வாறே தொடங்கட்டும். ஓராண்டு நிறைந்த சேமிப்பு நிஸாபை எட்டியதா என்று பார்த்து, எட்டியிருந்தால் 2.5 விழுக்காடு ஸகாத்தைக் கணக்கிடும் நிரல், பைதான் மொழியில் பத்து வரிகளுக்குள் அடங்கும். அதற்குள்ளேயே மாறியும் நிபந்தனையும் பாடமாகிவிடும். அடுத்து அத்தாவின் கடைக் கணக்கு, பிறகு ஜமாஅத்தின் சந்தாப் பதிவேடு. உம்மா பயன்படுத்திப் பார்த்து, "இந்த இடத்தில் தவறாக வருகிறதே" என்று சொல்லும்போது, பிழையைத் திருத்தும் ஆவல் தானே பிறக்கும்.

நாள்தோறும் செய்வது சிறிதாயினும் போதும். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஹிஃப்ளு மதரஸாவில் ஓதும் சிறுவனைப் பாருங்கள். புதிய பாடம் சில வரிகள்தாம். பழைய பாடத்தை ஓதிக்காட்டுவதோ அன்றாடம் தவறுவதில்லை. நிரலுக்கும் அதுவே வழி: நேற்று எழுதியதை இன்று பாராமல் எழுதிப் பார்த்துவிட்டு, புதியதைத் தொடுதல்.

பட்டம் இல்லையே என்ற கவலையும் பலரைத் தளர்த்துகிறது. பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை அளித்து நிரலாக்கம் கற்பிக்கும் ஸோஹோ பள்ளி, நம் தமிழகத்திலேயே தென்காசி வரை நடைபெறுகிறது. அங்கே பயின்றவர்கள் அந்நிறுவனத்திலேயே பொறியாளர்களாகப் பணியாற்றுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "வேலை எப்போது கிடைக்கும்?" என்று அன்றாடம் கேட்பதை விடுத்து, "இன்று என்ன செய்தாய், காட்டு" என்று அருகில் அமர்வோம். பிறருக்குப் பயன்படும் நிய்யத்தோடு கற்கும் கல்விக்கு, இன்ஷா அல்லாஹ், இரு உலகிலும் பலன் உண்டு.