பட்டாசு ஆலைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வேண்டும்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் உதவிக்கு ஓடினார்கள். அடுத்தடுத்த வெடிப்புகளில் அவர்களிலும் பலர் சிக்கினர். இறந்தவர்கள் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலையிலும் வெடிவிபத்து. இத்தகைய விபத்துகளின் பட்டியல் இன்றும் நீள்கிறது.

வெடிவிபத்து என்றால் தீக்காயம் மட்டுமல்ல. அதிர்வில் தூக்கி எறியப்பட்டவருக்குக் கழுத்தெலும்போ முதுகுத்தண்டோ முறிந்திருக்கலாம். அவரைக் கைகால் பிடித்துத் தூக்கி லோடு ஆட்டோவில் கிடத்தினால், பிழைத்தாலும் நடக்க முடியாமல் போகலாம்.

இதைத் தவிர்க்கும் கருவிகள் எளியவை. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் 'ஸ்கூப்' ஸ்ட்ரெச்சரை இருபுறமும் செருகிப் பூட்டினால், உடலைப் புரட்டாமலே தூக்கலாம். கழுத்துப்பட்டை, தலை அசையாமல் பிடிக்கும் பலகை, பட்டைகள், சுத்தமான விரிப்பு, கம்பளி ஆகியவையும் வேண்டும். தீப்புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. ஆபத்தான இடத்திலிருந்து அகற்றியதும், வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். உடல் விறைத்துப்போகாமல் போர்த்தவும் வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரையான நிமிடங்கள் சக தொழிலாளர்களின் கையில்தான் இருக்கின்றன.

எனவே மணல் வாளி, தண்ணீர்த் தொட்டியைப் போலவே ஸ்ட்ரெச்சரையும் உரிமத்தின் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். ஒவ்வோர் ஆலையிலும் நான்கு பேருக்காவது தூக்கும் பயிற்சி தரப்பட வேண்டும். அடுத்த தீபாவளி ஆர்டர்கள் குவியும் முன்பே மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கலாம்.