படிக்கப் போன ஊரில் சாரணர்

காரைக்கால்காரர்களுக்கு வெளிநாடு என்பது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. 1954 நவம்பர் 1 வரை அந்த ஊரே பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. பக்கத்து நாகூரிலிருந்து காரைக்காலுக்குள் வருவதென்றால் அன்றைக்கு எல்லை தாண்டி இன்னொரு ஆட்சிக்குள் வருவதாகும். ஆட்சி போன பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. அதனால் ஒரு பையனோ பெண்ணோ "பிரான்சுக்குப் படிக்கப் போறேன்" என்றால் தெருவில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. "அங்கதான் சித்தப்பா இருக்காங்களே, பார்த்துப்பாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது!

போய்ச் சேர்ந்த மாணவருக்கு வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. சனிக்கிழமை சித்தப்பா வீட்டில் சாப்பாடு. பாரிஸ் என்றால் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காயிலிருந்து மல்லிகைப்பூ வரை தமிழ்க் கடைகளில் கிடைத்துவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊர்ப் பாசம் தேவைதான். ஆனால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பும்போது அந்த நாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? பல்கலைக்கழகமும், ரயில் ஜன்னலும், விசா அலுவலக வரிசையும்தான். அந்த நாட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதற்கு அழும் என்று தெரியாமலேயே பட்டம் வாங்கிவிடலாம்.

இந்தச் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. அது உள்ளூர்ச் சாரணர் குழு.

நம் ஊரில் சாரணர் என்றால் பள்ளிக்கூட விஷயம். சீருடை, விசில், கயிற்று முடிச்சு, கொடியேற்றம், பிறகு பிரதம சோபானிலிருந்து ராஜ்ய புரஸ்கார் வரை படிப்படியாகத் தேர்வுகள். பொறுப்பாளர் பெரும்பாலும் அந்தப் பள்ளி ஆசிரியரே. பிரான்சிலும் பிரிட்டனிலும் கதை வேறு. அங்கே பெரும்பாலான குழுக்கள் பள்ளிக்கு வெளியே, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துபவை. மாலை நேரத்திலோ வார இறுதியிலோ கூடுவார்கள். நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பிரான்சில் பிள்ளைகளை வழிநடத்துபவர்களில் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள்தான். பிரிட்டனில் பிள்ளைகள் சேர வரிசையில் நிற்கிறார்கள், நடத்தப் பெரியவர்கள் போதவில்லை. ஆக, நம் மாணவர் அங்கே உதவி கேட்டுப் போகும் அந்நியர் அல்ல. தேவைப்படுகிற ஆள்!

இதில் வரலாற்றின் ஒரு சின்னக் கணக்கும் தீர்கிறது. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களோடு முதல் முகாம் நடத்தினார். 1909-இல் இந்தியாவுக்குச் சாரணர் இயக்கம் வந்தபோது அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குத்தான் இடம். இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லை. அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் 1916-இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950 நவம்பர் 7 அன்று பல அமைப்புகள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவானது. அன்று கதவு சாத்தப்பட்ட பிள்ளைகளின் கொள்ளுப்பேரன் இன்று லண்டனில் ஒரு குழுவுக்குத் தலைவராக நிற்க முடியும் என்றால் அது சாதாரண விஷயமா?

சரி, நடைமுறைக்கு வருவோம். பொதுவாக மூன்று ஆட்சேபணைகள் எழும்.

முதல் ஆட்சேபணை விசா. பிரான்சில் மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை சம்பள வேலை செய்யலாம். சம்பளமில்லாத தொண்டு அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே 'வாலண்டியரிங்' வேறு, 'வாலண்டரி வொர்க்' வேறு. ஒப்பந்தம் போட்டு, இத்தனை மணிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வேலை என்றால், சம்பளம் இல்லாவிட்டாலும் பட்டப்படிப்பு மாணவருக்கான வாரம் 20 மணி நேர வரம்பில் அது சேர்ந்துவிடும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. காவல்துறைப் பின்னணி விசாரணையும் உண்டு. 'என்னைத் திருடன் என்று நினைத்தார்களா' என்று கோபப்பட வேண்டியதில்லை. எல்லோருக்கும் அதே விதிதான். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதியும் அப்படியே. சொல்லப்போனால், நம் ஊருக்கும் இவை வர வேண்டும்.

இரண்டாவது, மதம். பிரான்சில் பெரிய சங்கம் கத்தோலிக்கர்களுடையது, ஆனால் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளும். புராட்டஸ்டண்டுகள், யூதர்கள், முஸ்லிம்கள் நடத்தும் சங்கங்கள் உண்டு. மதம் சாராத சங்கமும் உண்டு. அம்மையார் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் உள்ள காரைக்காலிலிருந்து போகிறவருக்கு இது ஒரு தடையாகவே இருக்காது.

மூன்றாவது, மொழி. இதுதான் எல்லோரும் பயப்படுவது. ஆனால் வகுப்பறையில் தப்பான பிரெஞ்சு பேசினால் பேராசிரியர் நாகரிகமாகச் சும்மா இருந்துவிடுவார். எட்டு வயதுக் குருளையர் சும்மா இருப்பார்களா? அங்கேயே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரியான வார்த்தையையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இவ்வளவு நல்ல ஆசிரியர்கள் காசு கொடுத்தாலும் கிடைக்க மாட்டார்கள். அதோடு, எல்லா நாட்டுச் சாரணரும் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். இடது கையை நீட்டினாலே அதட்டு வாங்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக்கூட, பள்ளியில் சாரணராக இருந்திருந்தால், இது பழக்கமானதுதான். வேற்று நாட்டில் ஒரு அறைக்குள் நுழைந்ததும் தெரிந்த வணக்கம் ஒன்று கிடைப்பது பெரிய ஆறுதல் அல்லவா?

இந்த மூன்றும் தீர்க்கக்கூடியவை. இவற்றைவிடக் கனமான நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதை மாணவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை. எத்தனை நாள் இருப்பீர்கள்?

பயோடேட்டாவில் ஒரு வரி, ஃபேஸ்புக்கில் நாலு போட்டோ... இதற்காகச் சேர்ந்து மூன்றாம் மாதம் தேர்வு என்று காணாமல் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர்களுக்கு அது ஒரு பெயர் குறைவது. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. "அடுத்த வாரம் அந்த முடிச்சைச் சொல்லித் தருகிறேன்" என்று சொன்ன அண்ணன் அடுத்த வாரம் வரவில்லை என்றால், பிள்ளை முதலில் காத்திருக்கும். பிறகு கேட்பதை நிறுத்திவிடும். அடுத்து வரும் புது ஆளிடம் ஒட்டவும் ஒட்டாது.

காரைக்கால் கரைக்கு இது தெரியாத பாடம் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்கள் ஏராளமானோரை இழந்தன. உலகமே உதவிக்கு ஓடி வந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து நாகப்பட்டினம் கரையில் யாருக்கும் வேண்டாத பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததையும் ஊர் பார்த்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. வாங்குகிறவருக்கு என்ன தேவை என்று கேட்க நேரம் ஒதுக்காதவர்கள், அவ்வளவுதான். தொண்டும் அப்படித்தான். பிள்ளைக்குத் தேவைப்படுவது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஒரு ஆள். கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. வந்தால் போதும்.

ஆகவே கணக்கு எளிது. பிரான்சிலும் பிரிட்டனிலும் சாரணர் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலை வாக்கில் கோடை முகாமை ஒட்டி முடிகிறது. படிக்கப் போகிறவர்களும் பெரும்பாலும் செப்டம்பரில்தான் போய் இறங்குகிறார்கள். ஒரே வருட முதுநிலைப் படிப்பு என்றாலும் ஒரு முழுச் சாரணர் ஆண்டு கிடைக்கும். முதல் கூட்டத்திலேயே தேர்வு மாதங்கள் எவை, ஊர் திரும்பும் நாள் எது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு மணி நேரம் தந்தாக வேண்டும். கிளம்பும் முன் பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அது முடியாதவர்கள் கூடாரம் தூக்கலாம், முகாமில் சமைக்கலாம், கணக்கு எழுதலாம். அதுவும் தொண்டுதான். ஆனால் பிள்ளைகளின் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிவிடக் கூடாது.

இதற்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. திருவேட்டக்குடி என்.ஐ.டி.க்கும், காரைக்கால் ஜிப்மருக்கும், வேளாண் கல்லூரிக்கும் வெளியூர் மாணவர்கள் வருகிறார்கள். இந்தியும் தெலுங்கும் பேசிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காரைக்காலே ஒரு வெளிநாடு மாதிரிதான். நாலு வருடம் தங்குகிற அவர்கள், பக்கத்து அரசுப் பள்ளிச் சாரணப் படைக்கு வாரம் ஒரு மாலை கொடுத்தால் தமிழும் வரும், ஊரும் புரியும். பாரிஸிலிருந்து திரும்பி வருகிற காரைக்கால் பிள்ளையும் அதையே செய்யலாம். அங்கே கற்ற பாதுகாப்பு விதிகளைச் சொந்த ஊர்ப் பள்ளிக்கு எடுத்து வரலாம்.

சாரணர் சொல் "தயாராக இரு" என்பது. படிக்கப் போகிற மாணவர் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டால் போதும்: போனால், ஒரு வருடமாவது இரு.