கிழமை பார்த்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை

சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும், அந்த நோய் மூட்டுகளில் இறங்கி வீக்கமும் வலியுமாகத் தங்கிவிட்டவர்களுக்கும் நெடுங்காலமாக எழுதிக்கொடுக்கப்பட்டுவரும் மாத்திரை மெத்தோட்ரெக்சேட். சிறிய மாத்திரை; பெரும்பாலும் மஞ்சள் நிறம். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டும். அதையே தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால், சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போகும் அளவுக்கு நிலைமை முற்றலாம். குணமாக்கும் மருந்துக்கும் கொல்லும் மருந்துக்கும் நடுவில் இருப்பது ‘வாரம்’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லைக் காக்கும் பொறுப்பை நோயாளியின் ஞாபகத்தின் மேல் மட்டும் சுமத்தும் வழக்கம் மாற வேண்டும். சீட்டும் அட்டையும் மருந்துக் கடையும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மருந்தின் மேல் பழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், 1940-களில் லெடர்லே ஆய்வகத்தில் நடந்த ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் பிறந்த மருந்துக் குடும்பம் இது. முதலில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. 1951-ல் இதே குடும்பத்தைச் சேர்ந்த அமினாப்டெரின் சொரியாசிஸையும் அடக்குகிறது என்பது தெரியவந்தது. பிறகு அதைவிடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது. 2008-ல் வெளியான ‘சாம்பியன்’ ஆய்வில், 16 வாரங்களில் நோயின் தீவிரம் முக்கால் பங்கு குறைந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட் பிரிவில் சுமார் 36 சதவீதம். வெற்று மாத்திரைப் பிரிவில் 19 சதவீதம். அடாலிமுமாப் ஊசி போட்டவர்களில் 80 சதவீதம். ஊசிக்குப் பக்கத்தில் வைத்தால் இது சிறிய எண்தான். மூட்டு விஷயத்தில் இதன் பலன் பற்றி வல்லுநர்களிடையே இன்னமும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் மாதாமாதம் ஊசிக்குப் பணம் கட்ட முடியாத கோடிக்கணக்கான குடும்பங்கள் உள்ள நாட்டில், சில ரூபாய்க்குக் கிடைத்து, முழங்கையிலும் உச்சந்தலையிலும் செதில் உதிர்வதை நிறுத்தி, ஒருவரை அரைக்கை சட்டை போட்டு வேலைக்குப் போக வைக்கும் மருந்து சாதாரணமானதல்ல.

வாரம் ஒருமுறை என்பது வசதிக்காக வைத்த கணக்கு அல்ல. செல்கள் பெருகுவதற்கு ஃபோலேட் தேவை. இந்த மருந்து அதைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. சொரியாசிஸில் ஒரு மாத வாக்கில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல், சில நாட்களிலேயே அவசரமாக வளர்ந்து செதிலாக அடுக்கிக்கொள்கிறது. அந்த அவசரத்தையும், அதைத் தூண்டும் நோய் எதிர்ப்பு அணுக்களையும் மருந்து தணிக்கிறது. ஆனால் நம் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்படலமும் இயல்பாகவே வேகமாகப் பெருகும் செல்களால் ஆனவை. அவை மீண்டெழுவதற்குத்தான் ஆறு நாள் ஓய்வு. ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறிவிட்டாலும் செல்களுக்குள் இந்த மருந்து பல நாள் தங்குகிறது. எனவே தினமும் சாப்பிடும்போது முந்தைய நாளின் நஞ்சின் மேல் இன்றைய நஞ்சு சேர்கிறது. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

தவறு எங்கே நுழைகிறது என்று பார்க்க ஒரு மருந்துச் சீட்டை எடுத்தாலே போதும். நம் நாட்டுச் சீட்டுகளில் 1-0-1, 1-0-0 என்று எழுதுவது வழக்கம்: காலை, மதியம், இரவு. எழுத்தறியாதவருக்கும் கடைப் பையனுக்கும் புரிகிற மொழி அது. ஆனால் ஏழு நாளில் ஒரு நாள் என்பதற்கு அந்த மூன்று இடங்களில் இடமே இல்லை. ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில் நான்காவது வரியாக இது எழுதப்படுகிறது. கையும் கண்ணும் பழக்கத்தில் இதையும் தினசரி மாத்திரையாகவே படிக்கின்றன. கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டித் தருகிறார்கள்; பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிடலாம். பக்கவிளைவைக் குறைக்க இதனுடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பல தயாரிப்புகளில் சிறியது, மஞ்சள் நிறம். ஒன்றை மற்ற நாட்களில் சாப்பிட வேண்டும், மற்றொன்றை ஒரே நாளில். இரண்டும் ஒரே காகித உறையில் கிடந்தால் மாறிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? போதாக்குறைக்கு 2.5 மில்லிகிராமிலும் கிடைக்கிறது, 10 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. “வாரம் மூன்று மாத்திரை” என்று சொல்லி அனுப்பும்போது எந்த மாத்திரை என்பது விட்டுப்போனால் அளவு நான்கு மடங்காகிவிடும்.

இது கற்பனை பயம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2000 முதல் 2014 வரையிலான மரண விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் மெத்தோட்ரெக்சேட்டுடன் தொடர்புடைய 22 மரணங்களைக் கண்டார்கள். அவற்றில் ஏழில், வாரத்துக்குப் பதில் தினமும் சாப்பிட்டது பதிவாகியிருந்தது. மருந்தாளுநர் இல்லாமல் மருந்து விற்காத நாட்டிலேயே இந்த நிலை. ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் இதைத் தனியாக ஆய்வுசெய்து, உறையில் தெளிவான எச்சரிக்கை, மாத்திரைகளைப் புட்டியில் கொட்டித் தராமல் அட்டையில் தருவது, நோயாளிக்குத் தனி நினைவூட்டல் அட்டை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்பதைச் சீட்டிலேயே முழுதாக எழுதச் சொல்கிறது பிரிட்டன். ‘மண்டே’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கினால் ‘மார்னிங்’ என்று படிக்கப்பட வாய்ப்பிருப்பதால் திங்கட்கிழமையைத் தவிர்க்கச் சொல்பவர்களும் உண்டு. இவ்வளவு நுணுக்கமாக யோசிக்க வேண்டிய மருந்து இது.

கூட்டம் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் விளக்க ஏது நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் விளக்கத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். ‘வியாழன் மட்டும்’ என்று தமிழில் எழுத ஐந்து விநாடி. மருந்து தருமிடத்தில் ஒரு ரப்பர் முத்திரை குத்த இரண்டு விநாடி. மரணம் பற்றிய எச்சரிக்கையைப் பார்த்தால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவார் என்பது அடுத்த தயக்கம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெள்ளிக்கிழமை வீடு கழுவுதல், ஊர்ச் சந்தைக்கு ஒரு நாள் என்று கிழமைக் கணக்கில் வாழ்ந்து பழகிய வீடுகள் நம்முடையவை. கிழமையைச் சொன்னால் யாரும் பயப்படப்போவதில்லை. சொல்லாமல் விட்டதால் ஒருவர் ஆபத்தில் விழுந்தால்தான் ஊரே அந்த மருந்தைக் கண்டு பயப்படும்.

இந்தத் தொல்லையே வேண்டாம், புதிய மாத்திரை இருக்கிறதே என்றும் சிலர் சொல்லலாம். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ரெமிலாஸ்ட் இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. தினம் இருவேளை சாப்பிடுவது. கிழமைக் குழப்பம் கிடையாது. ரத்தப் பரிசோதனைத் தொல்லையும் குறைவு. மதுப் பழக்கத்தாலோ கல்லீரல் கோளாறாலோ மெத்தோட்ரெக்சேட் ஒத்துவராதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அதன் முக்கிய ஆய்வொன்றில், 16 வாரங்களில் முக்கால் பங்கு முன்னேற்றம் கண்டவர்கள் 33 சதவீதம்தான். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பலருக்கு வருகின்றன. மனச்சோர்வு குறித்த எச்சரிக்கையும் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகவே பழைய மருந்து நம்மை விட்டுப் போகப்போவதில்லை. போகாத மருந்தைப் பத்திரமாகக் கொடுக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

அதற்கு மருத்துவர் கிழமையையும் மில்லிகிராமையும் மாத்திரை எண்ணிக்கையையும் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு உரியதற்கு மேல் கடைக்காரர் தரக் கூடாது. ஃபோலிக் அமிலத்தைத் தனி உறையில் போட வேண்டும். நிறுவனங்கள் ‘வாரம் ஒருமுறை மட்டும்’ என்பதை ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னும் மாநில மொழியில் அச்சிட வேண்டும். அப்போது எங்கே வெட்டினாலும் அந்தச் சொல் கூடவே வரும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், இன்றே அந்த அட்டையை எடுத்து அதன் மேல் கிழமையை எழுதிவையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கசிவு, விடாத வயிற்றுப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மெத்தோட்ரெக்சேட்டின் நஞ்சுக்கு லூகோவோரின் என்ற முறிமருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் அது பலன் தரும்.