இரத்தம் சொல்லும் கணக்கு

2020 ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் பெண் தொழிலாளி ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. சில நாட்களுள் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. ஆயிரம் பேர் ஓரிரவில் தொற்றுக்கு ஆளாவதில்லை. கிருமி அங்கு எத்தனை நாள் உலவிற்று? அகப்பட்ட முதற்பெண்ணையே ஏசித் திரிந்தோர் இதனைக் கேட்டாரில்லை.

பீ.சீ.ஆர். சோதனை அன்றைய கிருமியையே காட்டும். அறியாமல் வந்து போன நோய்க்குச் சாட்சி, இரத்தத்தில் எஞ்சும் பிறபொருளெதிரி. 2020 யூலையில் சென்னை மாநகராட்சி 12,405 பேரைச் சோதித்தபோது ஐவரில் ஒருவருக்கு மேல் அச்சாட்சி இருந்தது. அதே மாதம் மும்பாயின் மூன்று வட்டாரங்களிற் சேரிவாசிகளில் நூற்றுக்கு 57 பேர். ஏனையோரில் 16 பேர். நெருங்கி வாழ்வோரும் நெருங்கி உழைப்போருமே முதலில் பலியாகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியும் வெள்ளவத்தைக் கடைச் சிப்பந்தியும் சோதனைக்கு அஞ்சுவது ஊசிக்காக அன்று. பெயர் பதிவானால் நாட்கூலி போகும் என்பதற்காகவே. இக்கணக்கிற்கோ பெயர் வேண்டியதில்லை, தொகை போதும். மாதங்கள் செல்லச் சாட்சி மங்கும். தடுப்பூசி ஏறியபின் நோயின் தடம் எது, ஊசியின் தடம் எது எனப் பிரித்தறிதலும் கடினம். ஆதலின் புதுக்கிருமி வந்த தொடக்கத்திலேயே வேலைத்தலங்கள் தோறும் இதனை எடுத்தல் வேண்டும். செலவு முதலாளியுடையது. முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொழிற்சங்கத்தின் கையிற் கொடுக்கவேண்டும் என்கிறோம். மேலாளரின் மேசை அறைக்குள் அது பூட்டப்படுதல் ஆகாது.