கால் போச்சா? 3 நாளில் இருக்கிறது பதில்!

லாரி ஏறி கால் நசுங்கினால், "அவ்வளவுதான், கால் போச்சு" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். எல்லாக் காலையும் எடுக்க வேண்டியதில்லை!

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் தொட்டுப் பாருங்கள். எலும்புக்கு மேல் தோல்தான், சதை கிடையாது. தோல் பிய்ந்தால் எலும்பு வெளியே தெரியும். காயும், சீழ் பிடிக்கும். வெறும் தோலை ஒட்டினால் அங்கே பிடிக்காது.

தலைமுடியை விட மெல்லிய நூல்

முதுகிலோ தொடையிலோ இருந்து சதையை ரத்தக் குழாயோடு எடுக்கிறார்கள். காலில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குழாயோடு குழாயைத் தைக்கிறார்கள். ரத்தம் ஓடினால் சதை பிழைக்கும், காலும் பிழைக்கும்!

ஆனால் நாள் கடத்தக்கூடாது. யூகோஸ்லாவியா டாக்டர் மார்கோ கோடினா, 532 பேருக்கு நடந்த ஆபரேஷன்களின் கணக்கை 1986-ல் வெளியிட்டார். 3 நாளுக்குள் செய்ததில், வைத்த சதை கெட்டது 100-க்கு 1 கூட இல்லை. அதைத் தாண்டி 3 மாதத்துக்குள் செய்ததில் 100-க்கு 12!

அந்த 48 மணி நேரம்

தமிழ்நாட்டில் 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நேரம் ஆஸ்பத்திரி மாறுவதிலேயே கரைந்தால் என்ன லாபம்?

உயிரைக் காக்கக் காலை எடுத்தே தீர வேண்டிய கேஸும் உண்டு. அதை டாக்டர் சொல்லட்டும். நாம் முதல் நாளே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இங்கே பிளாஸ்டிக் சர்ஜன் இருக்காரா? இல்லேன்னா எங்கே போகணும்?"

நாலாம் நாள் கேட்டால், கேள்வி அதேதான். பதில் மாறிவிடும்!